மதினி சொன்ன அவுலியா

இது நடந்தது போன வருடப் பாடசாலை விடுமுறையில், கொழும்பிலுள்ள பெரிய இயற்கை விஞ்ஞான நூதனசாலை ஒன்றில். நான் இருப்பது கல்முனையில். பஸார் பக்கம் ஒரு துணிக்கடை வைத்திருக்கிறேன். சரக்கு எடுக்க அடிக்கடி கொழும்புக்குப் போய்வருவதால் புறக்கோட்டைத் தெருக்கள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிங்களமும் நன்றாகக் கதைப்பேன். மொத்த வியாபாரிகளோடு விலை பேசிப் பேசியே வந்த சிங்களம் அது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை இல்லாவிட்டால் இந்தக் கதையே நடந்திருக்காது.

அந்தமுறை என்னோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒன்று என் மகள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். மற்றவர் என் கணவரின் மூத்த சகோதரி. மதினி என்று கூப்பிடுவேன்; மகளுக்கு மாமி. என் கணவர் சிறு பிள்ளையாக இருக்கும்போதே தாய் மௌத்தாகிவிட்டார். அவரை வளர்த்து ஆளாக்கியது மதினிதான். அதனால் எங்கள் வீட்டில் மதினியின் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது, என்னுடையதைத் தவிர.

மதினிக்குச் சீனி வருத்தம். காலையில் ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். பிந்தினால் சீனி இறங்கி, வியர்த்து, கண் இருண்டு விழுந்துவிடுவார். முன்பு ஒருதரம் அப்படி விழுந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். அதனால் நாங்கள் பஸ் ஏறும்போது கணவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொன்னார்.

“ராத்தாட சாப்பாடு கவனம்.”

“என்னப் போல ஆரு பார்க்கிற?” என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

கடைக்குச் சரக்கு எடுத்து முடிந்ததும் ஒருநாள் மிச்சம் இருந்தது. அந்த நாளுக்கு இரண்டு பேர் போட்டி. மகள் நூதனசாலைக்குப் போக வேண்டும் என்றாள். புத்தகத்தில் படமாகப் பார்த்ததையெல்லாம் அங்கே எலும்பும் தோலுமாகப் பார்க்கலாமாம். மதினி ஸியாரத்துக்குப் போக வேண்டும் என்றார். நூதனசாலைக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய பள்ளிவாசல். அதில் அவுலியா ஒருவர், இறைநேசர், அடங்கியிருக்கிறார். அந்த அடக்கத்தலம்தான் ஸியாரம். ஓட்டோவில் ஏறி முந்தானையைச் சரிசெய்வதற்குள் இறங்க வேண்டிய தூரம்தான்.

ஸியாரத்துக்குப் போகலாமா கூடாதா என்பதில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி உண்டு. மதினி ஒரு கட்சி. எங்கள் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தை ஒரு வருடமும் தவறவிடமாட்டார். கணவர் மறு கட்சி. நான் இரண்டு கட்சிக்கும் சோறு ஆக்குகிற கட்சி.

“செத்த மிருகத்தப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்த நாம? அவுலியாட்ட ஒருக்காப் போய் பாத்திஹா ஓதிட்டு வருவம்கா” என்றார் மதினி.

“புள்ள படிக்கிற விஷயம் மதினி. முதல்ல இதப் பார்ப்பம். போகக்குள்ள அங்க போவம்” என்றேன்.

மதினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் வந்தார்.

உள்ளே போனபிறகு மகள் எங்களை மறந்தே போனாள். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் எல்லாவற்றையும் ஒரு சுற்று ஓடிப்பார்ப்பாள். பிறகுதான் முதலிலிருந்து ஆறுதலாகப் பார்க்கத் தொடங்குவாள். அன்றும் அப்படியே மாடியெல்லாம் ஏறி இறங்கிவிட்டு வந்து, கீழே பறவைகள் இருந்த பக்கத்தில் நின்றுகொண்டாள். ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கும் முன்னால் அவள் நின்ற நேரத்தில் நான் ஒரு சல்வாருக்கு அளவெடுத்து வெட்டியே முடித்திருப்பேன். மதினி அவளுக்குப் பின்னால் நின்று, ‘இது எங்கட குளத்துக் கொக்குத்தானே, இதுக்கா டிக்கட்’ என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கடையிலிருந்து போன் வந்தது. கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் எடுத்த துணி நிறம் மாறிவிட்டதென்று வந்து நிற்கிறாராம். உள்ளே சத்தம் போட்டுக் கதைக்க முடியாதென்று நான் முற்றத்துக்கு வந்துவிட்டேன். கடைக்காரப் பெண்ணுக்கு விளங்கப்படுத்தி, கல்யாண வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்தி, எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது பக்கத்துப் பள்ளியில் மதியத் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்திருந்தது. மதினிக்குச் சாப்பாட்டு நேரமாகிவிட்டதே என்று உள்ளே போகத் திரும்பினேன். மகள் தனியாக வெளியே வந்துகொண்டிருந்தாள்.

“மாமி உங்களோட இல்லயா உம்மா?”

“உன்னோடதானே நிண்டா.”

மகள் விழித்தாள். நானும் விழித்தேன். அதற்குள் என் போன் அடித்தது. மதினி.

“புள்ள, நான் இஞ்ச அவுலியாட கால்மாட்டுல குந்தி இரிக்கன். தல சுத்துது. கண்ணும் ஒரு மாதிரி இரிக்கி. சுறுக்கா வாகா.”

அவ்வளவுதான். கட்டாகிவிட்டது. திருப்பி எடுத்தால் போகவில்லை. மதினியுடையது பழைய பட்டன் போன். காலையிலேயே சார்ஜ் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாக விளங்கியது. மனிசிக்குக் கோபம். பாங்குச் சத்தமும் காதில் விழுந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் ஓட்டோ பிடித்து ஸியாரத்துக்குப் போய்விட்டார். கால்மாடு என்றால் அடங்கியிருப்பவரின் கால்பக்கம். ஸியாரத்துக்குப் போகிறவர்கள் தலைமாடு, கால்மாடு என்று சொல்லித்தான் இடம் காட்டுவார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சாப்பிடாமல் போய் அங்கே உட்கார்ந்து, இப்போது சீனி இறங்குகிறது. தலை சுற்றினால் அடுத்தது என்ன என்பது எனக்குத் தெரியும்.

மகளைப் பார்த்தேன். மதினியின் மூக்குக்கண்ணாடியும், அவசரத்துக்கு வைத்திருக்கிற டொபிப் பைக்கட்டும் அவளுடைய பையில்தான் இருந்தன. டொபியில் பாதியை வாங்கிக்கொண்டேன். “மாமி திரும்பி வந்தாலும் வருவா. நீ இந்த கேட்டுலயே நில்லு, அசையாத” என்று சொல்லிவிட்டு ஓட்டோவில் பாய்ந்தேன். வாசலில் நின்ற காவலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தோன்றவில்லை. எனக்குத் தெரியாத கொழும்பா?

அந்தச் சின்னத் தூரம் அன்றைக்கு முடியவேயில்லை. வழியில் சிக்னலில் நின்றபோது கணவரின் முகம்தான் வந்து நின்றது. தாயைப் போன்ற ஒருத்தியை என்னை நம்பி அனுப்பியிருக்கிறார். முன் பின் தெரியாத ஊரில் அவர் விழுந்து கிடந்தால் நான் எந்த முகத்தோடு கல்முனைக்குத் திரும்புவது? மதினியோடு நான் எத்தனையோ சண்டை பிடித்திருக்கிறேன். ஆனால் அவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஓட்டோவுக்குள் இருந்து சத்தமாகவே ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் இறங்கிப் பெண்கள் பக்கத்துக்கு ஓடினேன். மூன்று நான்கு பேர் ஓதிக்கொண்டிருந்தார்கள். மதினி இல்லை. கைகால் கழுவி வுளூ எடுக்கிற இடத்தில் பார்த்தேன். இல்லை. செருப்புக் கழற்றுகிற இடத்தில் மதினியின் செருப்பைத் தேடினேன். அதுவும் இல்லை. அங்கே பொறுப்பாக இருந்த தொப்பி போட்ட ஒருவரைப் பிடித்து, பச்சைச் சேலை கட்டிய ஒரு மனிசி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாரா என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “பொம்பளங்க உள்ளுக்கு வாரல்லயே. அந்த ஜன்னலுக்கு அங்கால நிண்டுதான் ஓதுவாங்க. கால்மாட்டுல ஆருக்கும் குந்த ஏலா” என்றார்.

அதுவரைக்கும் பயம் இருந்தாலும், மதினி எங்கே என்று தெரியும் என்ற தைரியம் இருந்தது. அது அப்போது போய்விட்டது. கொழும்பில் இன்னும் எத்தனை ஸியாரம் இருக்கிறது என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியது. அதற்குள் மகளிடமிருந்து போன்.

“மாமி கிடைச்சாவா உம்மா?”

“இல்ல மகள். இஞ்ச வரவே இல்லயாம்.”

“மாமி சரியா என்ன சொன்ன?”

“அவுலியாட கால்மாட்டுல குந்தி இரிக்கன் எண்டா.”

மகள் அந்தச் சொல்லைத் தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தது கேட்டது. பிறகு மெதுவாக, “உம்மா, மேல் மாடியில கடற்பசுட எலும்புக்கூடு ஒண்டு தொங்குது. அதுக்கு ஆவுளியா எண்டுதான் பெரிசாப் பேர் எழுதி இரிக்கி” என்றாள்.

“அதுக்கென்ன? மாமி கால்மாடு எண்டுதானே சொன்னா.”

“அதுக்குக் காலே இல்ல உம்மா. வால்தான் இரிக்கி.”

சொல்லிவிட்டு அவள் போனைக் கட் பண்ணிவிட்டாள். படியில் ஓடுகிற சத்தம் மட்டும் கடைசியாகக் கேட்டது.

நான் பள்ளி வாசலில் நின்று அந்த போன் பேச்சை மறுபடியும் காதுக்குள் ஓடவிட்டேன். ஆவுளியாட வால்மாட்டுல. தலைமாடு உண்டு, கால்மாடு உண்டு. வால்மாடு என்று ஒரு சொல்லை உலகத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் எங்கள் மதினி சொல்லக்கூடியவர்தான். ஒரு பிராணிக்குக் கால் இல்லாமல் வால் இருந்தால், அந்தப் பக்கத்துக்கு அவர் வேறு என்ன பெயர் வைப்பார்? கடற்பசுவுக்கு ஆவுளியா என்று இன்னொரு பெயர் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அது மன்னார்க் கடல் பக்கம் திரிகிற, கடற்புல் மேய்கிற பெரிய பிராணியாம். எங்கள் பக்கக் கடலில் அதை யாரும் கண்டதில்லை. அதனால் என் காது தனக்குத் தெரிந்த அவுலியாவைப் போட்டுக்கொண்டு, அவருக்குக் காலையும் வைத்துவிட்டது.

அதே ஓட்டோ வாசலில் நின்றது. திரும்பி ஓடினேன்.

நூதனசாலைப் படியில் ஏறும்போது என் அபாயா தடக்கி முழங்கால் அடிபட்டது. வலி தெரியவில்லை. மேல் மாடியில் ஒரு மண்டபம். சுவரோரமாக அந்த எலும்புக்கூடு மேலிருந்து தொங்கியது. பெரிய தலை, அகலமான விலா, பின்னால் போகப்போகச் சிறுத்து ஒரு வால். அந்த வாலுக்கு நேர் கீழே, சுவரில் சாய்ந்தபடி தரையில் என் மதினி. ஒரு பக்கம் மகள் டொபியின் கடதாசியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மறுபக்கம் ஒரு சிங்களப் பெண், என் வயதிருக்கும், முழங்காலில் நின்று ஒரு கொப்பியால் மதினிக்கு விசிறிக்கொண்டிருந்தார். மதினியின் நெற்றி வியர்த்துச் சேலை முந்தானை நனைந்திருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது. வாய் மென்றுகொண்டிருந்தது. கையில் ஒரு வாழைப்பழத் தோல்.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. “எங்க மதினி போன நீங்க?” என்றேன்.

“நான் எங்க போன? இஞ்சதான் இரிக்கன். நீதான் காணாமப் போன” என்றார் மதினி. குரல் மெலிந்திருந்தது. ஆனாலும் அதில் குற்றம் சொல்கிற பழைய தோரணை குறையவில்லை. அதைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த இடத்திலேயே குந்திவிட்டேன்.

நடந்தது இதுதான். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவருக்குக் கொக்கும் குயிலும் சலித்துவிட்டன. மீன்கள் மேல் மாடியில் என்று யாரோ சொல்லக் கேட்டு, மகளிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் ஏறியிருக்கிறார். மகள் ஏதோ ஒரு பறவையின் அலகுக்குள் இருந்ததால் காதில் விழவில்லை. மேலே போனதும் தலை சுற்றியிருக்கிறது. சுற்றிப் பார்த்தால் ஒரு எலும்புக்கூடு. கண்ணாடி இல்லாததால் சின்ன எழுத்துகள் தெரியவில்லை. பெரிய எழுத்தில் இருந்த பெயரை மட்டும் எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறார்.

“பேர் ஒரு நல்ல பேரா இருந்திச்சு. அதான் வேற எங்கயும் போகாம அதுக்குக் கீழயே குந்தின” என்றார்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. நான் அந்தச் சிங்களப் பெண்ணுக்கு நன்றி சொல்லத் தொடங்கியதும், மதினி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“நல்ல மனிசிதான். ஆனா பண்டி இறைச்சியத் தாறா புள்ள” என்று காதுக்குள் சொன்னார்.

நான் திகைத்துப்போய் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவருக்குப் பக்கத்தில் ஒரு கடதாசியில், உள்ளே என்ன வைத்துச் சுருட்டியதென்று தெரியாத இரண்டு ரோல்ஸ், தொடாமல் கிடந்தன. சிங்களத்தில் விசாரித்தேன். அவர் குருநாகல் பக்கம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பிள்ளைகள் தகப்பனோடு கீழே. மதினி வியர்த்துப்போய்ச் சாய்ந்திருந்ததைக் கண்டதும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவருடைய தாய்க்கும் சீனி வருத்தம்தானாம். காவலாளியைத் தண்ணீருக்கு அனுப்பிவிட்டு, தன் பையிலிருந்த ரோல்ஸைக் கொடுத்திருக்கிறார். மதினி தலையை ஆட்டி மறுத்திருக்கிறார். நித்திரையாகிவிட்டால் ஆபத்து, எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். ஆனால் என்ன பேசுவது? அவருக்குத் தமிழ் தெரியாது. மதினிக்குச் சிங்களத்தில் நாலைந்து சொல்தான் தெரியும். அதனால் தலைக்கு மேலே தொங்கியதைக் காட்டி, அதன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்.

“முஹுது ஊரா. முஹுது ஊரா.”

அந்தப் பிராணிக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். கடற்பன்றி. மதினிக்குத் தெரிந்த நாலைந்து சிங்களச் சொல்லில் ஊரா என்பதும் ஒன்று. கொழும்புச் சாப்பாட்டுக் கடைகளில் கவனமாக இருக்க வேண்டுமென்று நான்தான் பஸ்ஸில் வரும்போது சொல்லிக்கொடுத்தேன். ஒரு கையில் ரோல்ஸை நீட்டிக்கொண்டு, மறுகையை ஆட்டி ஆட்டி ஒருத்தி ஊரா, ஊரா என்றால், கண் இருண்டு வருகிற நேரத்தில் யார்தான் மேலே பார்ப்பார்கள்?

“மயங்கினாலும் பரவாயில்ல, அத மட்டும் வாயில வைக்கப்படா எண்டு கலிமாவச் சொல்லிட்டு இருந்தன்” என்றார் மதினி.

இதை நான் சிங்களத்தில் சொன்னதும் அந்தப் பெண் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எல்லோருமாகச் சிரித்தோம். மதினியும் சிரித்தார். அண்ணாந்து அந்த எலும்புக்கூட்டை ஒருதரம் நன்றாகப் பார்த்துவிட்டு, “தமிழில வாசிச்சா அவுலியா. சிங்களத்தில கேட்டா பண்டி. பாவம், அது எங்க போய்ச் சொல்றது?” என்றார்.

அப்படியானால் வாழைப்பழம் எப்படி வந்தது என்று கேட்டேன். மதினி ரோல்ஸைத் தள்ளிவிட்டதும், அந்தப் பெண் மதினியின் முக்காட்டைப் பார்த்திருக்கிறார். என்ன காரணம் என்று சரியாகத் தெரியாது, ஆனால் தான் கொடுத்த சாப்பாட்டில் இந்த மனிசிக்கு ஏதோ சந்தேகம் என்று மட்டும் விளங்கியிருக்கிறது. உடனே கீழே ஓடிப்போய், பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்த பழத்தை எடுத்துவந்திருக்கிறார். அதை உரித்துக் கொண்டுவரவில்லை. தோலோடு காட்டி, மதினியின் கையிலேயே கொடுத்துத் தொட்டுப் பார்க்கவிட்டு, அதற்குப் பிறகு மதினியின் கண்முன்னால் உரித்திருக்கிறார். மதினி பிஸ்மி சொல்லிச் சாப்பிட்டிருக்கிறார். மகள் டொபியோடு வந்து சேர்ந்தபோது பழம் முடிந்திருந்தது.

பின்னேரம் ஒரு டிஸ்பென்சரியில் காட்டினோம். அந்தப் பழம் உள்ளே போகாமல் இருந்திருந்தால் நீங்கள் வருவதற்குள் விழுந்திருப்பார் என்று டொக்டர் சொன்னார். அதைக் கேட்டபோது நான் மதினியின் கையைப் பிடித்தேன், அவர் உதறவில்லை. அதற்குப் பிறகு மூவருமாக ஸியாரத்துக்குப் போனோம். ஜன்னலுக்கு அங்கால் நின்று மதினி நீண்ட நேரம் ஓதினார். அந்தச் சிங்களப் பெண்ணுக்கும் துஆக் கேட்டதாக வெளியே வந்து சொன்னார். பெயர் தெரியாதே, என்னவென்று கேட்டீர்கள் என்றேன். “அல்லாஹ்வுக்குத் தெரியும்தானே” என்றார்.

ஊருக்கு வந்து கணவரிடம் நான் கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன். மதினி மிச்சத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். இப்போது எங்கள் குடும்பத்தில் யாரைத் தேடி போன் எடுத்தாலும், வால்மாட்டில் நிற்கிறேன் என்றுதான் முதல் பதில் வரும். மதினி எங்கே கிளம்பினாலும் ஊசியோடு இரண்டு வாழைப்பழமும் பையில் ஏறிவிடும்.

கொழும்புக்குப் போனால் இன்றைக்கும் நான்தான் வழிகாட்டி, அதில் மாற்றம் இல்லை. ஆனால் யாராவது ஒன்றைச் சொல்லி, ‘ஓம், விளங்கிட்டுது’ என்று என் வாய் முந்துகிற நேரங்களில் அந்த வால் நினைவுக்கு வந்துவிடும். நின்று, என்ன சொன்னீங்க என்று இன்னொருதரம் கேட்பேன். இரண்டு மொழியும் தெரிந்த நான் தவறான இடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, மதினியின் ஒரு சொல்லும் விளங்காத ஒருத்தி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பழத்தைத் தோலோடு கையில் கொடுத்ததால்தான் என் வீட்டில் இன்றைக்கும் என்னோடு சண்டை பிடிக்க மதினி இருக்கிறார்.